சட்டைப் பையில் சங்கீதம்: மென்பொருள் நிறுவனமும் மனிதச் செவியும்

ஒலியை மனிதனிடம் கொண்டு சேர்க்கும் சாதனங்களின் வரலாற்றில் மைசூரு நகருக்குத் தனி இடம் உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம். வி. கோபாலசாமி, 1935 ஆம் ஆண்டில் தமது இல்லத்திலேயே சிறு ஒலிபரப்புக் கருவி ஒன்றை அமைத்து வானொலி நிகழ்ச்சிகளை நடத்தினார். அந்த நிலையத்திற்கு இடப்பட்ட ‘ஆகாசவாணி’ என்னும் பெயர், பிற்காலத்தில் இந்திய வானொலி முழுவதற்குமே உரியதாயிற்று. ஒரு குரல், ஓர் ஊர் முழுவதும் கேட்கும் செவிகள் என்பதே அக்காலத்து ஏற்பாடு.

அதே நகரின் மானசகங்கோத்திரிப் பகுதியில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1960களிலிருந்து அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிலையம் இயங்கி வருகிறது. வெளி ஓசை புகாத அறையில், செவிக்கவசம் அணிந்து அமர்ந்திருப்பவருக்கு மெல்லிய தொனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொனியும் எந்த அளவில் முதன்முதலாகக் காதில் விழுகிறது என்று குறிக்கப்பட்டு, செவியின் நிலை ஒரு வரைபடமாகத் தீட்டப்படுகிறது.

இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துள்ளது. ஊருக்கெல்லாம் பொதுவாக ஒலித்தது, இன்று தனி ஒருவரின் காதுக்குள் மட்டும் ஒலிக்கிறது. அம்மாறுதலை உண்டாக்கிய கருவி, சட்டைப் பையில் அடங்கும் இசைப்பெட்டியாகும். உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் இப்பெட்டியைத் தயாரித்து விற்க முன்வந்தபோது, அது வியாபாரச் செய்தியாகவே பேசப்பட்டது. ஆயினும் அச்செய்தியினுள் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிய வேண்டிய விஞ்ஞான உண்மை ஒன்று அடங்கியுள்ளது.

செவியின் இயல்பே கருவியின் அடிப்படை

நடந்துகொண்டே இசை கேட்கும் பழக்கம், ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் வெளியிட்ட ‘வாக்மன்’ என்னும் ஒலிநாடாக் கருவியால் பரவிற்று. அதன் முதல் வகையில், இருவர் சேர்ந்து கேட்பதற்கென்று இரண்டு துளைகள் வைக்கப்பட்டிருந்தன. தனிமையில் கேட்பது அன்று அத்துணை புதுமையாக இருந்தது போலும்.

ஒலிநாடாவுக்குப் பின் வந்த ஒலித்தட்டு, ஓசையை எண்களாக மாற்றிப் பதிவு செய்தது. வினாடி ஒன்றுக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. இடம், வலம் ஆகிய இரு செவிகளுக்கும் சேர்த்து வினாடிக்கு 14,11,200 இலக்கங்கள் ஆகின்றன. ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் தேவை. இவ்வளவு பெரிய சுமையைச் சிறு பெட்டி ஒன்றில் அடக்குவது 1990களின் தொழில்நுட்பத்திற்கு எளிதன்று.

இச்சிக்கலைத் தீர்க்க விஞ்ஞானிகள் நாடியது செவியின் இயல்பையேயாகும். பலத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது, அதனையொத்த சுருதியிலுள்ள மெல்லிய ஓசையைக் காது உணர்வதில்லை. அம்மெல்லிய ஓசை காற்றில் இருக்கிறது. ஆனால் மனத்தை எட்டுவதில்லை. இதற்கு ‘மறைப்பு’ என்று பெயர். குழாயில் நீர் விழும்போது கடிகாரத்தின் ‘டிக் டிக்’ ஓசை கேளாமற் போவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். கேட்கப்படாத பகுதியைப் பதிவு செய்வானேன் என்னும் எண்ணத்திலிருந்து பிறந்ததே ‘எம்.பி.3’ முறை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள பிரௌன்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் இம்முறையை வகுத்ததில் பெரும்பங்கு கொண்டனர். வினாடிக்கு 1,28,000 இலக்கங்களே போதுமென ஆயிற்று. அதாவது, பழைய சுமையில் பதினொன்றில் ஒரு பங்கு. ஒரு மணி நேர இசை 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது.

ஆகவே, இந்த இசைப்பெட்டி மின்னணுவியலின் படைப்பு மட்டுமன்று. செவியைப் பற்றிய விஞ்ஞானத்தின் படைப்புமாகும். இதனை நினைவில் இருத்திக் கொள்ளுதல் நலம்.

மென்பொருள் நிறுவனம் களத்தில் இறங்குதல்

1998 இல் கொரியாவிலிருந்து வந்த முதற் கருவிகளில் ஒன்று 32 மெகாபைட் நினைவகமே கொண்டிருந்தது. அரைமணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அதில் கொள்ளும். 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் 5 ஜிகாபைட் கொள்ளளவுள்ள சிறு வட்டை உள்ளடக்கி ‘ஐபாட்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. ஆயிரம் பாடல்கள் சட்டைப் பைக்குள் என்பதே அதன் விளம்பரம். சில ஆண்டுகளில் இச்சந்தையின் பெரும்பகுதி அந்நிறுவனத்தின் வசமாயிற்று.

1975 ஆம் ஆண்டில் தோன்றிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இக்காலத்தில் வேறொரு வழியைக் கடைப்பிடித்தது. மென்பொருளைத் தான் எழுதுவது, பெட்டியைப் பிறர் செய்வது என்பதே அதன் வழக்கம். கணிப்பொறித் துறையில் பெரும் வெற்றி தந்த முறை அது. இசைப்பெட்டிகளுக்கும் அவ்வாறே ஒலிச் சுருக்க முறையையும் இயக்கு மென்பொருளையும் தயாரித்து, 2004 இல் பல உற்பத்தியாளர்களுக்கு வழங்கிற்று. ஆனால் ஒருவர் செய்த பெட்டி, மற்றொருவர் எழுதிய மென்பொருள், மூன்றாமவர் விற்ற பாடல் ஆகிய மூன்றும் எப்போதும் இசைந்து இயங்கவில்லை. பெட்டி, மென்பொருள், பாடல் விற்பனை மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்த போட்டியாளரின் கருவியோ எளிதாக இயங்கிற்று.

இந்நிலையில், தானே பெட்டியையும் விற்பதா என்னும் கேள்வி மைக்ரோசாஃப்ட் முன் எழுந்தது. 2006 ஜூலையில் அதற்கு ‘ஆம்’ என்று விடை கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் நாள் ‘ஸூன்’ என்னும் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கொள்ளளவு 30 ஜிகாபைட். விலை 249 டாலர் 99 சென்ட். உற்பத்தி செய்து கொடுத்தது ஜப்பானின் தோஷிபா நிறுவனம். ஒரு பெட்டியிலிருந்து அருகிலுள்ள மற்றொரு பெட்டிக்குக் கம்பியின்றிப் பாடலை அனுப்பும் வசதி அதில் இருந்தது. ஆனால் அவ்வாறு பெற்ற பாடலை மூன்று முறையோ மூன்று நாட்களோதான் கேட்க முடியும். அதற்கு முன் அந்நிறுவனத்தின் பழைய முறையை நம்பிப் பிறரிடம் வாங்கிய பாடல்கள் புதிய பெட்டியில் ஒலிக்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

முயற்சி நிலைக்கவில்லை. 2011 அக்டோபரில் ஸூன் கருவிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையும் முடிவுக்கு வந்தது. இரண்டையும் விழுங்கியது கைபேசியே. தனிப் பெட்டி மறைந்தது. ஆனால் அதன் தொழில் மறையவில்லை. பள்ளி மாணவர் வரை யாவர் கையிலும் பரவிவிட்டது.

ஒரு நாள் நின்றுபோன பெட்டிகள்

ஸூன் கருவியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வகுப்பறையில் எடுத்துக் கூறத்தக்கது. 2008 டிசம்பர் 31 அன்று, 30 ஜிகாபைட் வகையைச் சேர்ந்த கருவிகள் ஒருங்கே செயலற்று நின்றன. வட்டு உடையவில்லை, மின்கலம் பழுதாகவில்லை. 2008 ஒரு லீப் ஆண்டு. அன்று அதன் 366 ஆவது நாள். கடிகாரத்திற்குரிய மென்பொருள் நிரலில், நாட்களின் எண்ணிக்கை 365 க்கு மேல் இருக்கும் வரை ஆண்டுகளைக் கழித்துக்கொண்டே செல்லுமாறு ஒரு சுற்று எழுதப்பட்டிருந்தது. லீப் ஆண்டின் இறுதி நாளில் அச்சுற்று கழிக்கவும் இயலாமல், வெளியேறவும் வழியின்றி, செக்குமாடுபோல் ஓரிடத்திலேயே சுழன்றது. மறுநாள் தேதி மாறிய பின்னர், மின்கலம் தீர்ந்து மீண்டும் ஏற்றப்பட்ட கருவிகள் வழக்கம்போல் இயங்கின.

கையில் இருப்பது பெட்டியாயினும் அதனை ஆள்வது மென்பொருளே என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. கருவியை நிறுத்தவும் மென்பொருளால் இயலும். அதன் குரலை அடக்கவும் இயலும். அடுத்துக் கூறப்படுவது இக்குரலைப் பற்றியதாகும்.

ஒலியின் உச்சவரம்பு

இசைப்பெட்டிகளின் சந்தையில் கொள்ளளவும் விலையும் திரையின் அளவும் ஒப்பிடப்பட்டன. அவை எவ்வளவு உரக்க ஒலிக்கும், எவ்வளவு நேரம் கேட்கலாம் என்னும் கேள்விகள் தாமதமாகவே எழுந்தன. பிரான்ஸ் நாட்டில் இத்தகைய கருவிகளின் ஒலி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்று சட்டம் இருந்தது. 2002 இல் ஐபாட் அவ்வரம்பை மீறுகிறது என்று தெரியவந்து, அந்நாட்டில் அதன் விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. பெட்டியை மாற்ற வேண்டிய அவசியம் நேரவில்லை. புதிய மென்பொருள் இடப்பட்டு ஒலி வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஸூன் வெளிவந்த அதே 2006 இன் தொடக்கத்தில், ஐபாட் செவிக்குத் தீங்கு விளைவிக்கக் கூடியது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வழக்குத் தொடரப்பட்டது. மார்ச் மாதத்தில், ஒலியின் உச்சவரம்பைப் பயன்படுத்துவோரே குறித்து வைக்கவும், பெற்றோர் அதனை இரகசிய எண்ணால் பூட்டவும் வகை செய்யும் மென்பொருளை ஆப்பிள் வெளியிட்டது. வழக்கு பின்னர் தள்ளுபடி செய்யப்பட்டதாயினும், வரம்பு வைக்கும் வசதி நிலைபெற்றது.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019 பிப்ரவரியில் ஒரு தரநிர்ணயத்தை வெளியிட்டன. அதன்படி, வயது வந்தோருக்கு வாரம் ஒன்றுக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரமும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் 40 மணி நேரமும் எல்லைகளாகும். கருவியே இக்கணக்கை வைத்திருந்து, எல்லை நெருங்கும்போது எச்சரிக்க வேண்டுமென்றும் கூறப்பட்டுள்ளது. ஆனால் இது பரிந்துரையே. ஒவ்வொரு நாடும் உற்பத்தியாளரும் ஏற்றாலன்றி நடைமுறைக்கு வாராது. மேலும், கடைவீதியில் வாங்கும் காதுக்கருவிகள் எல்லாம் ஒரே அளவு ஒலி தருவன அல்ல. அவற்றின் தன்மையைக் கைபேசி சரியாக அறிய இயலாதபோது அதன் கணக்கும் சரியாக இராது.

செவிக்குள் நிகழ்வது

உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள்ளே வரிசை வரிசையாக நுண்ணிய மயிர்ச் செல்கள் அமைந்துள்ளன. உள் வரிசையில் சுமார் 3,500. வெளி வரிசைகளில் சுமார் 12,000. ஒலியின் அதிர்வால் இவற்றின் நுனிகள் வளைகின்றன. அவ்வளைவு மின் துடிப்பாக மாறி நரம்பின் வழியே மூளையை அடைகிறது.

நெல் வயலினூடே ஒருவர் ஒருமுறை நடந்து சென்றால், சாய்ந்த பயிர் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். நாள்தோறும் அவ்வழியே நடந்தால் பயிர் மடிந்து ஒற்றையடிப் பாதை விழும். மயிர்ச் செல்களின் நிலையும் இத்தகையதே. திருவிழாவில் ஒலிபெருக்கியின் அருகே நின்று திரும்பியவருக்குக் காது சற்று மந்தமாகி, ‘ஞொய்’ என்ற இரைச்சல் தோன்றி, மறுநாள் மறைவதுண்டு. இது எச்சரிக்கையாகும். இதுவே தொடர்ந்து நிகழுமாயின் செல்கள் அழிகின்றன. பறவைகளுக்கு இச்செல்கள் மீண்டும் வளர்கின்றன, மனிதனுக்கு வளர்வதில்லை.

கேடு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவான உயர்ந்த தொனிகளிலேயே தென்படும். பேச்சு கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்பார்கள். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்களின் வேறுபாடு தெளிவதில்லை. வலி இல்லாததால் பாதிக்கப்பட்டவரே நெடுநாள் அறிவதில்லை. வகுப்பில் கவனமற்றவன் என்று பெயரெடுத்த மாணவன், உண்மையில் ஆசிரியரின் சொற்களைப் பாதியே கேட்பவனாக இருக்கலாம். செவியின் வரைபடத்தில் இப்பள்ளம் தெளிவாகப் புலப்படும். மானசகங்கோத்திரி நிலையம் போன்றவற்றில் செய்யப்படும் சோதனையின் பயன் இதுவே.

நேரமும் ஒலியும்

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கைப் போன்றதன்று. ஒலி 3 டெசிபல் உயர்ந்தால் செவியை அடையும் ஆற்றல் இரு மடங்காகும். ஆகவே, கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். வாரத்திற்குரிய எல்லை பின்வருமாறு அமைகிறது.

80 டெசிபல் — 40 மணி
83 டெசிபல் — 20 மணி
86 டெசிபல் — 10 மணி
89 டெசிபல் — 5 மணி
92 டெசிபல் — இரண்டரை மணி
95 டெசிபல் — 75 நிமிடம்
98 டெசிபல் — சுமார் 37 நிமிடம்
101 டெசிபல் — சுமார் 19 நிமிடம்

கணித ஆசிரியர் இதனைப் பெருக்குத் தொடருக்கு நல்ல உதாரணமாகக் கரும்பலகையில் எழுதலாம். 80க்கும் 101க்கும் உள்ள வித்தியாசம் 21 என்று எண்ணும் மாணவன், ஒரு வாரத்திற்குரிய பங்கு பள்ளிக்குச் செல்லும் ஒரே பேருந்துப் பயணத்தில் தீர்ந்துவிடும் என்பதைக் கண்டு வியப்பான். பேருந்தின் இரைச்சலும் இதற்குத் துணைபோகிறது. முன்னர்க் கூறிய ‘மறைப்பு’ இங்கே எதிரியாகிறது. வெளி ஓசை இசையை மறைப்பதால் பயணி ஒலியை உயர்த்துகிறார். இரைச்சல் ஓய்ந்த பின்னரும் உயர்த்திய அளவைக் குறைக்க மறந்துவிடுகிறார்.

பள்ளியிலும் கிராமத்திலும்

உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட செவிப்புலன் அறிக்கையின்படி, 150 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் ஏதேனும் ஓர் அளவில் செவிக்குறையுடன் வாழ்கின்றனர். பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் 100 கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்கள் தவிர்க்கக்கூடிய கேட்புக் குறைவின் அபாயத்தில் உள்ளனர். நம் நாட்டில், ஸூன் வெளிவந்த அதே காலத்தில், காது கேளாமையைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 25 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. குறையை விரைவில் கண்டறிவதும், கிராம நிலைப் பணியாளர் வரை பயிற்சி அளிப்பதும் அதன் நோக்கங்களுட் சில.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. காதுக்கருவி அணிந்துள்ள மாணவனிடம் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசிப் பார்க்கலாம். அவனுக்குக் கேட்கவில்லையெனில் ஒலி மிகுதி என்று கொள்ளலாம். அவன் கேட்கும் பாட்டு அருகிலிருப்பவர் காதில் விழுமாயினும் அவ்வாறே. கைபேசியின் ஒலிக் கோட்டை மொத்த உயரத்தில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் ஏற்றாதிருத்தல் நல்ல விதி. பல கைபேசிகளில் ஒலியின் உச்சவரம்பைக் குறித்து வைக்கும் வசதி உண்டு. அது இருப்பதைப் பலர் அறியார். பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் அதனைச் செய்து காட்டிவிடலாம். இரைச்சலுள்ள இடத்தில் ஒலியை உயர்த்துவதைவிட, வெளி ஓசையைத் தடுக்கும் காதுக்கருவியை அணிவதோ கேட்பதை ஒத்திவைப்பதோ மேலானது. ஆனால் சாலையில் நடக்கையில் செவியை முற்றிலும் அடைத்துக்கொள்வது வேறு அபாயத்தை விளைவிக்கும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சிலவே: காதில் ஓயாத இரைச்சல், கூட்டத்தில் பேச்சு விளங்காமை, தொலைக்காட்சியின் ஒலியை மிகையாக உயர்த்துதல், அடிக்கடி ‘என்ன?’ என்று கேட்டல். இத்தகையோரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாயிலாக மாவட்ட மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும். திடீரென ஒரு காது கேளாமற் போகுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. ஆண்டுதோறும் மார்ச் 3 உலகச் செவிப்புலன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் மேற்கூறிய சோதனைகளைச் செய்வதற்கு அது ஏற்ற நாளாகும்.

ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் பெட்டி செய்ய முன்வந்ததும், சில ஆண்டுகளில் பின்வாங்கியதும் வியாபார வரலாற்றில் ஒரு சிறு அத்தியாயமே. பெட்டிகள் வரும், போகும். செவியின் இயல்பை நன்கு அறிந்தே விஞ்ஞானம் அப்பெட்டியை ஆக்கிற்று. அவ்வறிவையே செவியைக் காக்கவும் பயன்படுத்தலாம். அதற்கான வழி மென்பொருளிலேயே உள்ளது. அவ்வழியைத் திறந்து காட்டுவது உற்பத்தியாளரின் கடமை. அதனைப் பயன்படுத்தக் கற்பிப்பது ஆசிரியரின் பணி. பழுதான பெட்டிக்கு மாற்றுப் பெட்டி வாங்கலாம். உட்செவியில் அழிந்த மயிர்ச் செல்லுக்கு மாற்று இல்லை.